எண்ணெயில் உப்பு

நாச்சிமுத்துவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த இன்ஜினைப் பிரித்தாலும் முதலில் ஆயிலை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் கசிந்து ஆயிலில் கலந்திருந்தால் ஒரு அசட்டுத் தித்திப்பு தெரியும். தெரிந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சொல்ல இப்போது சென்சார் இருக்கிறது, அவர் பட்டறையிலும் இருக்கிறது. அது விஷம், ஒருநாள் இழுத்துக்கொண்டு போகும் என்று ஆளாளுக்குச் சொல்லியும் ஆயிற்று. மனுஷன் கேட்டால்தானே. தொடுவார், சப்புக்கொட்டுவார், துப்புவார். இன்ஜினியரிங் படித்த மனுஷனுக்கு இப்படி ஒரு புத்தி.

அன்றைக்குத் தொட்டு வைத்தபோது தித்திக்கவில்லை. உப்புக் கரித்தது.

ரோட்டில் பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு இன்ஜின் என்பது கோயில் யானை மாதிரி ஆகிவிட்டது. வேலைக்கு உதவாது, தீனி அதிகம், ஆனால் வைத்திருப்பவனுக்குப் பெருமை. கோயம்புத்தூரில் அப்படிப் பெருமைப்பட்டவர்களில் முதல் ஆள் பிரணவ். ஸ்பின்னிங் மில் குடும்பத்து வாரிசு. ரேஸ் டிராக்கில் மட்டுமே ஓடுகிற ஒரு சிவப்புக் கார் அவனிடம் இருந்தது. அவன் ஓட்ட மாட்டான், ஓட்ட வைப்பான். போன சீசனில் அந்தக் காரின் டர்போ நட்ட நடு டிராக்கில் இறுகிச் செத்தது. இன்ஜினை மொத்தமாக அவிழ்த்துக் கட்டித் தரச் சொல்லி நாச்சிமுத்துவின் கணபதிப் பட்டறையில் கொண்டுவந்து தள்ளியிருந்தான்.

டர்போ என்பது உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சக்கரம். வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றி, உள்ளே போகிற காற்றை அமுக்கித் திணிக்கும். நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று. அந்தச் சுற்றில் அதன் தண்டைத் தாங்கிப் பிடிப்பது மயிரிழை கனத்துக்கு நிற்கிற ஆயில்தான். ஆயில் விலகினால் இரும்பும் இரும்பும் உரசும், கதை முடிந்தது. பிரணவ் ஒரு புது ஆயிலைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்து கொடுத்து, "பேரிங் இடைவெளியைப் பாதியாக்குங்கண்ணா, காத்தை இன்னும் அமுக்குங்க, இது தாங்கும்" என்றான். ஆயிலுக்கு எதற்கடா ஐஸ் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிஸ்டன் முதல் பேரிங் வரை பார்த்துப் பார்த்துக் கட்டினார். காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கிற டைனோ ரோலரில் ஏற்றி, லேப்டாப்பில் ட்யூனிங்கை ஏற்றி முறுக்கியபோது அந்த இன்ஜின் பாடியது. வேறு வார்த்தை இல்லை. அவர் வாழ்நாளில் அப்படியொரு சுருதியைக் கேட்டதில்லை.

இறக்கிப் பார்த்தால் ஆயிலில் லேசாகப் பால் நிறம். கூலண்ட் கலந்துவிட்டதோ என்று பதறி நாக்கில் வைத்தார். உப்பு. வியர்வை இறங்கி உதட்டில் படுமே, அந்த உப்பு.

துப்பிவிட்டு பிரணவுக்குப் போன் போட்டார். அவன் மில்லிலிருந்து நேரே வந்தான், வெள்ளை ஷூவில் கிரீஸ் படாமல் நடந்துகொண்டு.

"ஏந் தம்பி, இந்த ஆயில்ல என்ன கலந்திருக்குது? உப்புக் கரிக்குது."

"நக்கிப் பாத்தீங்களா?" பிரணவ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஐயோ அண்ணா! சரி, சொல்லிடறேன். நம்ம முழங்கால் மூட்டுக்குள்ள ஒரு வழவழப்புத் தண்ணி இருக்கும்ல? உக்காருறோம், எந்திரிக்கிறோம், எழுபது வருசம் தேயாம ஓடுது. அதை மிஞ்சின வழவழப்பு உலகத்துலயே இல்லைங்ணா. அதை ஆயிலுக்குள்ள நிக்க வெச்சுட்டாங்க. சினேகான்னு கம்பெனி. சம்ஸ்கிருதத்துல சினேகம்னா எண்ணெய்னும் அர்த்தமாம். நல்ல பேருல்ல?"

"மூட்டுன்னா... ஆட்டு மூட்டா?" கேட்கும்போதே நாச்சிமுத்துவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"ஆடு, மாடு எல்லாம் பாத்துட்டாங்க, சூட்டுல திரிஞ்சு போகுதாம். மனுசனோடதுதான் நிக்குது. ரெண்டே ஸ்பூன்ங்ணா. உறை மோர் மாதிரின்னு வெச்சுக்கங்க. ரெண்டு ஸ்பூன் ஊத்தினா ஒரு கேன் ஆயிலும் அந்தப் பதத்துக்கு வந்துடும். வாராவாரம் புதுசா உறை ஊத்தோணும், அவ்வளவுதான். ஒரு மெஷினுக்கு ஒரே ஆளோடது. ரெண்டு பேரோடது கலந்தா திரிஞ்சுடும்."

"ஏன், லேப்ல வளக்க முடியாதா?"

"வளத்தாங்க. தண்ணியாப் போச்சு. நடக்குற கால்ல ஊறினாத்தான் சத்தாம்."

"யாரோட காலு?"

"டோனருங்ணா. கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. பேரைச் சொல்லக் கூடாது."

அவன் போனதும் நாச்சிமுத்து பின்பக்கக் குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தார். மத்தியானம் தின்ற அரிசிம்பருப்புச் சோறு அப்படியே வந்தது. பல்பொடியை வைத்து நாக்கை ரத்தம் கசியத் தேய்த்தும் அந்த உப்பு போகவில்லை. போனாலும் போனதாகத் தோன்றவில்லை. ஒரு மனுஷனின் முழங்காலை நக்கியிருக்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்துபோய் மறுபடி வாய் கொப்பளித்தார்.

அப்போதே அந்த ஆயிலை வடித்து ஊற்றியிருக்கலாம். செய்யவில்லை. இன்ஜின் பாடியதல்லவா, அந்தப் பாட்டை நிறுத்த மனம் வரவில்லை. அருவருப்பு ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். கையுறை போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். கையுறை போட்டுவிட்டால் பாவம் ஒட்டாது என்பதுபோல. அதை நினைக்கையில் ஆயிலைவிடத் தன்மேல்தான் அவருக்கு அதிகம் குமட்டியது.

காரை ஓட்டுகிறவள் சஷ்டிகா. பொள்ளாச்சிப் பெண், கோ-கார்ட் ஓட்டி ஓட்டி மேலே வந்தவள். பணம் கொண்டுவந்து கார் ஓட்டுகிற சீட்டை வாங்குகிற பிள்ளைகளுக்கு நடுவில் வெறும் கையோடு நின்றவள். செட்டிபாளையம் பக்கத்து டிராக்கில் சோதனை ஓட்டம் தொடங்கியது. முதல் வாரம் அவள் எடுத்த நேரத்தைப் பார்த்துப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வாட்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் இன்னும் கொஞ்சம் வேகம். மூன்றாவது வாரம் அதே நேரம். நாலாவது வாரம் மெதுவானது.

இன்ஜினில் குறையில்லை. உறை ஊற்ற ஊற்ற டர்போவின் அதிர்வு குறைந்துகொண்டே போனது. நேர்ப்பாதையில் பறந்த கார் வளைவுக்கு முன்னால் தயங்கியது. லேப்டாப்பில் பிரேக் கோட்டைப் பார்த்தார் நாச்சிமுத்து. வாரம் ஏற ஏற அந்தக் கோடு குட்டையாகிக்கொண்டே வந்திருந்தது. அவள் பிரேக்கை முன்போல ஓங்கி மிதிப்பதில்லை. பயமாக இருக்குமோ என்று பார்த்தால், சஷ்டிகாவுக்கும் பயத்துக்கும் காத தூரம். பிரேக் பேடை மாற்றினார். பிரேக் ஆயில் லைனில் காற்றெடுத்தார். கோடு உயரவில்லை.

அடுத்த ஓட்டம் முடிந்து அவள் இறங்குவதைப் பார்த்தார். எப்போதும் இடது காலைத் தூக்கி வெளியே வைத்துத் துள்ளி இறங்குகிறவள், அன்று கையை ஊன்றி, இடது காலை ஒரு சாமானைப் போலத் தூக்கி வைத்தாள். அவருக்கு நாக்கில் உப்புக் கரித்தது.

ஷெட்டுக்குள் அவள் தனியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெளியே உச்சி வெயில்.

"அம்மிணி, உன்ற காலைக் காட்டு."

"எதுக்குங்ணா?"

"காட்டுங்கறேன்ல."

அவள் காட்டவில்லை. மறுக்கவும் இல்லை. அதுவே போதும்.

"யாரு கேட்டாங்க? பிரணவா?"

"இந்தச் சீட்டுக்கு ஏழு பேரு நின்னாங்கண்ணா. எல்லாரும் அப்பன் ஊட்டுக் காசோட வந்தாங்க. நீ என்ன கொண்டு வருவேன்னு கேட்டாரு. என்கிட்ட என்ன இருக்குது? ரெண்டு காலு இருக்குது."

"அதுக்குன்னு எடது காலா? அது பிரேக் காலாச்சே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவருக்கு அது தெரியாதுங்ணா. கிளட்ச் இல்லாத வண்டிதானே, எடது காலு சும்மாதானே கெடக்குது, அதுல எடுத்துக்கலாம்னாரு. நான் எடது கால்லதான் பிரேக் போடறேன்னு சொன்னா வேற ஆளைப் பாத்துக்குவாரு. அதான் சொல்லலை."

ரேஸ் கார் வைத்திருக்கிறவனுக்கு ரேஸ் காரில் எந்தக் காலால் பிரேக் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணை வித்துச் சித்திரம் வாங்குன கதையாட்ட, காலை வித்துக் கார் ஓட்டறயே கண்ணு. வலிக்குதா?"

"எடுத்த எடம் மறுபடி ஊறிடும்னாங்க. மொதல்ல ஊறுச்சு. இப்ப ஊறக் காணோம். படியிறங்குனா உள்ளுக்குள்ள மணலு அரைக்கற மாதிரி இருக்குது." அவள் பாட்டிலை மூடினாள். "உங்களுக்கு எப்பிடிங்ணா தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய் வரவில்லை. "கூலண்டோன்னு நெனச்சு அந்த ஆயிலை நாக்குல வெச்சுப் பாத்தேன். உப்புக் கரிச்சுது."

அவள் முகம் மாறியது. "என்னைய நக்கிப் பாத்தீங்களா?"

"யாரோடதுன்னு அப்பத் தெரியாதும்மா."

"அப்பறம் என்ன பண்ணுனீங்க?"

"துப்புனேன். வாந்தி எடுத்தேன்."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண் கலங்கியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீங்க துப்பிட்டீங்க." அவள் எழுந்து காலைத் தாங்கித் தாங்கி வெளியே போனாள். "யார்கிட்டயும் சொல்லிப் போடாதீங்ணா. இந்தச் சீட்டுப் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமில்லை."

அந்த வாரமே நாச்சிமுத்து டர்போவைக் கழற்றினார். வெண்ணெய்ப் பதத்துக்கு வந்திருந்த ஆயிலை வடித்தார். சாக்கடையில் ஊற்றக் கை கூசியது. பட்டறைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளினார். பேரிங்கை மாற்றி இடைவெளியைப் பழைய அளவுக்கு விட்டார். சாதா ஆயில் ஊற்றினார். இனி அந்தப் பாட்டுப் பாடாது, பாடவும் வேண்டாம். அமுக்கத்தைக் குறைத்து, வளைவிலிருந்து வெளியே வரும்போது டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்கிற மாதிரி ட்யூனிங்கைத் திருத்தி எழுதினார். குதிரைத் திறன் கொஞ்சம் போனது. போகட்டும்.

பிறகு பிரணவுக்குப் போன் போட்டுப் பச்சையாகப் புளுகினார். "தம்பி, போன தடவை ஊத்துன உறை நல்லா நின்னுக்கிச்சுங்க. இனி பைனல் முடியற வரைக்கும் புதுசு வேண்டாம். தொட்டாத்தான் கெடும்."

"நெஜமாவா? அப்ப ஒரு தடவை எடுத்தாலே மாசக் கணக்குல ஓடுமா?"

"ஓடுமுங்க."

பிரணவுக்குப் பரம சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எதற்கென்று நாச்சிமுத்து அப்போது யோசிக்கவில்லை. சஷ்டிகாவிடமும் அவர் ஆயில் மாற்றியதைச் சொல்லவில்லை. சொன்னால் கொடுத்த கால் வீணாய்ப் போயிற்றே என்று இன்னும் உடைந்துபோவாள் என நினைத்தார். ஊசி குத்தி எடுக்க ஆள் வராத வாரங்களில் அவள் நடை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. முழுக்க இல்லை. படியிறங்கினால் இன்னும் முகம் சுளித்தாள்.

பைனலன்று டிராக்கில் நல்ல கூட்டம். மில்லிலிருந்து நாலு பஸ்ஸில் ஆட்களை ஏற்றி வந்திருந்தான் பிரணவ். எல்லாம் ஹாஸ்டலில் தங்கி நூற்பு வேலை பார்க்கிற இளம் பெண்கள். ஆளுக்கொரு மஞ்சள் தொப்பியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்துக் கைதட்ட உட்கார வைத்திருந்தார்கள்.

சஷ்டிகா ஜெயித்தாள். நேர்ப்பாதையில் இரண்டு கார்கள் அவளைத் தாண்டின. வளைவுக்கு வளைவு அவள் திருப்பி வாங்கினாள். எல்லோரும் பிரேக்கில் கால் வைத்த பிறகும் ஒரு மூச்சு பொறுத்து ஓங்கி மிதித்தாள். லேப்டாப்பில் அந்தக் கோடு நிமிர்ந்து நின்றதைப் பார்த்து நாச்சிமுத்து தொடையில் தட்டிக்கொண்டார். அவள் எடுத்த நேரம், மூட்டாயில் போட்டு எடுத்த மிகச் சிறந்த நேரத்துக்கு ஒரு இம்மிகூடப் பின்தங்கவில்லை. இன்ஜினுக்குக் கொடுத்ததைக் காலில் பிடுங்கியிருந்தார்கள், இவ்வளவுதான் மொத்த விஞ்ஞானமும்.

பரிசு மேடை என்று தனியாக இல்லை. காரைச் சுற்றி கயிறு கட்டி, பிரணவ் மைக்கைப் பிடித்தான்.

"இந்த வெற்றி சினேகா ஆயிலோட வெற்றி!" என்றான். "ஒரே ஒரு தடவை போட்ட உறை. ஒரு மாசம். ரெண்டு லட்சம் சுத்து. தேய்மானம் இல்லை. இந்த டர்போவே தாங்குதுன்னா, நம்ம மில்லுல நூல் சுத்தற கதிருங்க எம்மாத்திரம்? வர்ற மாசத்துல இருந்து நம்ம மில்லுல ஒவ்வொரு மெஷினுக்கும் இந்த ஆயில்தான்." மஞ்சள் தொப்பிகளைப் பார்த்துக் கையை விரித்தான். "உங்கள்ல ஒவ்வொருத்தரும் ஒரு மெஷினுக்குச் சொந்தக்காரங்க ஆகப் போறீங்க. விவரமெல்லாம் ஹாஸ்டல்ல வார்டன் சொல்லுவாங்க. ஒரு கையெழுத்துத்தான்."

பெண்கள் கைதட்டினார்கள். தட்டத்தானே கூட்டி வந்திருந்தது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது நாச்சிமுத்துவுக்கு. ஒரு காலைக் காப்பாற்றச் சொன்ன பொய், முந்நூறு காலுக்குச் சாட்சியாக நிற்கிறது. கயிற்றைத் தாண்டிப் போனார்.

"தம்பி, நிறுத்துங்க. இதுல அந்த ஆயில் இல்லை. நான் என்னைக்கோ வடிச்சு ஊத்திட்டேன். இது கடையில விக்கற சாதா ஆயில்."

பிரணவ் மைக்கைக் கீழே இறக்கிப் பல்லைக் கடித்தான். "வெளையாடாதீங்ணா. சாதா ஆயில்ல இந்த டைம் வருமா? பேரு ஆயிலுக்குப் போகுதுன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல்."

"அப்ப நீங்களே பாருங்க." அவர் குனிந்து டர்போவிலிருந்து ஆயில் இறங்குகிற குழாயைத் தளர்த்தினார். கொதிக்கிற ஆயில் கிண்ணத்தில் சொட்டியது. ஊதி ஆற்றி நீட்டினார். "நாக்குல வெச்சுப் பாருங்க. உப்பு இருந்தா நான் பொய்யன்."

பிரணவ் இரண்டடி பின்னால் போனான். கிண்ணத்தில் மலம் இருந்ததுபோல முகத்தைத் திருப்பினான். "சீ! என்ன அசிங்கம் இது! தூரக் கொண்டு போங்க!"

நாச்சிமுத்து அந்த 'சீ'யைக் கேட்டார். வாராவாரம் ஐஸ் பெட்டியில் வாங்கிவந்தபோது வராத 'சீ'. அடுத்தவள் காலை இன்ஜினில் ஊற்றலாம், அரைக்கலாம், எரிக்கலாம், தன் நாக்கில் ஒரு சொட்டுப் படக் கூடாது. தானும் அன்றைக்குக் குழாயடியில் துப்பிவிட்டு, வந்து அதே இன்ஜினை முறுக்கியவன்தானே என்பதும் கூடவே உறைத்தது.

"குடுங்ணா."

சஷ்டிகா ஹெல்மெட்டைக் கழற்றிக் காரின் மேல் வைத்துவிட்டு வந்து நின்றாள். நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். "எப்ப வடிச்சீங்க?"

"ஊசி நின்ன வாரமே, கண்ணு."

அவள் கிண்ணத்தில் விரலை விட்டாள். நிதானமாக நாக்கில் வைத்தாள். பிறகு பிரணவின் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் சாய்த்தாள்.

"உப்பு இல்லை," என்றாள். டிராக் முழுவதும் கேட்டது.

"என்ன பண்றே நீ? அடுத்த சீசன் வேண்டாமா உனக்கு?" பிரணவ் காதோடு சீறினான். "வாயைத் தொடை மொதல்ல, பாக்கவே அருவருப்பா இருக்கு!"

"இது வெறும் ஆயில்தானுங்க," என்றாள் சஷ்டிகா. "இதைத் துப்பிக்கலாம்."

துப்பினாள். வெள்ளை ஷூவின் மேல் கறுப்பாக விழுந்தது.

கைதட்டல் நின்றிருந்தது. முன்வரிசையில் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெண், தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தாள். அவளுக்குப் பதினெட்டு இருந்தால் அதிகம்.

"எதுங்க்கா உப்பா இருக்கும்?" என்று கேட்டாள்.

சஷ்டிகா காரின் முன்பக்கம் போய் மெதுவாக உட்கார்ந்தாள். குனிந்து இடது கால் ஷூவின் கட்டை அவிழ்த்தாள். பிறகு ரேஸ் உடையின் காலைச் சுருட்டி முழங்காலுக்கு மேலே ஏற்ற ஆரம்பித்தாள்.